ஒரு கருவி, மூன்று பணிவாழ்வுகள்: காக்ளியர் உள்வைப்பை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

2013-ஆம் ஆண்டின் லாஸ்கர்-டிபேக்கி மருத்துவ ஆய்வு விருது, செவித்திறனை முற்றாக இழந்தவர்களுக்குக் கேட்கும் திறனை ஓரளவு மீட்டுத் தரும் காக்ளியர் உள்வைப்புக் கருவியின் நவீன வடிவத்தை உருவாக்கியதற்காக மூவருக்குப் பகிர்ந்து வழங்கப்பட்டது. அவர்களுள் கிரேம் கிளார்க், மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் காது, மூக்கு, தொண்டை மருத்துவப் பேராசிரியராக இருந்த அறுவை மருத்துவர். இங்கெபோர்க் ஹோக்மைர், வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பயின்று அங்கேயே ஆய்வைத் தொடங்கி, பின்னர் தாம் நிறுவிய மெட்-எல் நிறுவனத்தின் தலைமைக்குச் சென்றவர். பிளேக் வில்சன், டியூக் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலில் இளநிலைப் பட்டம் பெற்று, வட கரோலினாவின் ரிசர்ச் டிரையாங்கிள் இன்ஸ்டிட்யூட் என்னும் ஒப்பந்த ஆய்வு நிறுவனத்தில் பல்லாண்டுகள் பணியாற்றியவர். முனைவர் பட்டம், முதுமுனைவர் ஆய்வு, உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்று ஒவ்வொரு படியாகக் காலூன்றி ஏறும் வழக்கமான ஏணியில் அடிமுதல் உச்சிவரை ஏறியவர் இம்மூவரில் ஒருவர்கூட இல்லை.

இந்த ஆய்வு எடுத்துக்கொள்ளும் கேள்வி அதிலிருந்தே பிறக்கிறது. மின்னணுவியல், தொடர்பியல், உயிர்மருத்துவப் பொறியியல் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று உரசும் இடத்தில் ஆய்வுப் பணி தேடுகிற ஒருவர், தம் பணிவாழ்வை எந்த அமைப்புக்குள் நிறுத்திக்கொள்வது? காக்ளியர் உள்வைப்பின் வரலாற்றைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அதில் மூன்று வேறுபட்ட விடைகள் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே சிக்கலின்மீது சோதித்துப் பார்க்கப்பட்டுவிட்டன என்பதுதான். இத்தகைய இயற்கைச் சோதனை பொறியியல் வரலாற்றில் அடிக்கடி கிடைப்பதில்லை.

எந்தத் துறையின் வேலை?

கருவியின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டால் சிக்கலின் தன்மை விளங்கும். காதின்மேல் அணியும் ஒலிவாங்கி ஒலியைப் பிடிக்கிறது. பேச்சுச் செயலி அதைப் பகுத்து, எந்த மின்முனைக்கு எப்போது எவ்வளவு மின்னோட்டம் செல்லவேண்டும் என்று முடிவு செய்கிறது. அந்த ஆணைகள் தோலைத் துளைக்காமல், வெளிச்சுருளிலிருந்து உட்சுருளுக்கு வானொலி அதிர்வெண் வழியே கடத்தப்படுகின்றன. தோலுக்கடியில் ஈரம் புகாதபடி அடைக்கப்பட்ட சில்லு அவற்றை மின்துடிப்புகளாக மாற்றுகிறது. காக்ளியா எனப்படும் உட்செவிச் சுருளுக்குள் நுழைக்கப்பட்ட மின்முனை வரிசை, அத்துடிப்புகளால் செவி நரம்பைத் தூண்டுகிறது. பேச்சைப் பகுப்பது தொடர்பியலின் வேலை. மிகக் குறைந்த மின்சக்தியில் இயங்கும் சில்லு மின்னணுவியலுக்குரியது. உடலுக்குள் பல பத்தாண்டுகள் அரிப்பின்றி இருக்கவேண்டிய உறை பொருளறிவியலாளரின் கவலை. மின்முனையை நுழைப்பவர் அறுவை மருத்துவர். நோயாளி கேட்டது என்ன என்று அளப்பவர் செவியியலாளர்.

ஆய்வாளர் ஒருவரை நியமிக்கும் குழு இவற்றுள் ஏதோ ஒரு துறையைச் சேர்ந்ததாகத்தான் இருக்கும். மின்பொறியியல் துறையின் குழு, சில்லில் புதுமை என்ன என்று கேட்கும். பரிசோதித்து நம்பகமானதென்று அறியப்பட்ட சுற்றை மனித உடலுக்காகத் தழுவி அமைத்தது அதன் கண்ணுக்குப் புதுமையாகத் தெரியாது. மருத்துவத் துறையின் குழு எத்தனை நோயாளிகள் என்று கேட்கும். பத்தாண்டு உழைப்புக்குப் பின் இருவருக்கு மட்டுமே அறுவை நடந்திருந்தால் அந்த எண்ணிக்கை சிரிப்பை வரவழைக்கும். இவ்வகைக் குழுக்களில் அமர்ந்தவர்கள் அனைவரும் இதை அறிவார்கள். அறிந்தும் அடுத்த விண்ணப்பத்தை அதே கண்ணால்தான் பார்ப்பார்கள். தீய எண்ணம் இதில் இல்லை. தமக்குத் தெரிந்த பகுதியைத்தானே எவராலும் மதிப்பிட முடியும்?

முன்னோடிகளும் முறிவுகளும்

1957 பிப்ரவரியில் பாரிஸில், உடலியங்கியல் ஆய்வாளர் ஆந்த்ரே ஜூர்னோவும் காது மருத்துவர் ஷார்ல் எய்ரியெஸும் சேர்ந்து, செவித்திறன் இழந்த ஒருவரின் செவி நரம்பை உள்வைத்த கம்பிச்சுருளின் மூலம் தூண்டினார்கள். அவர் ஒலியை உணர்ந்தார், ஒலித்தாளங்களைப் பிரித்தறிந்தார், பேச்சு புரியவில்லை. கருவி பழுதடைந்தது, மாற்றுக் கருவியும் பழுதடைந்தது, கூட்டணியும் கலைந்தது. அந்தப் பிரிவில், தொழில் நிறுவனத்தோடு சேரலாமா கூடாதா என்ற கருத்து மோதலும் இருந்தது. பல்கலைக்கழக ஆய்வின் பயன் எல்லோருக்கும் பொதுவாக இருக்கவேண்டும் என்பது ஜூர்னோவின் நிலை. ஆய்வாளர்களைப் பல்கலைக்கழகமா, நிறுவனமா என்று இன்றும் அலைக்கழிக்கும் கேள்வி, இத்துறையின் முதல் நோயாளியிடமே தொடங்கிவிட்டது.

பாரிஸ் சோதனையின் செய்தியை ஒரு நோயாளியின் மூலம் அறிந்த லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவர் வில்லியம் ஹவுஸ் 1961-இல் தம் முதல் உள்வைப்புகளைச் செய்தார். பல்கலைக்கழகக் கட்டமைப்புக்கு வெளியே, பொறியாளர்களைத் துணைகொண்டு இயங்கியவர் அவர். அவருடைய ஒற்றை மின்முனைக் கருவியைச் செவி உடலியங்கியல் அறிஞர்கள் பலர் ஏற்கவில்லை. அவர்களுடைய வாதம் வலுவானது: மனிதச் செவி நரம்பில் ஏறத்தாழ 30,000 இழைகள் உள்ளன, அவை செய்யும் வேலையை ஒரு கம்பியோ சில கம்பிகளோ எப்படிச் செய்யும்? அமெரிக்கத் தேசிய நல்வாழ்வு நிறுவனங்களின் வேண்டுகோளின்படி பிட்ஸ்பர்கைச் சேர்ந்த ராபர்ட் பில்கரின் குழு, ஒற்றை மின்முனைக் கருவி பொருத்தப்பட்ட 13 பேரைச் சோதித்து 1977-இல் அறிக்கை வெளியிட்டது. உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வதற்கும் தம் குரலைக் கட்டுப்படுத்துவதற்கும் கருவி உதவுகிறது, ஆனால் ஒலியை மட்டும் கேட்டுப் பேச்சைப் புரிந்துகொள்ள இயலவில்லை என்றது அவ்வறிக்கை. இளம் ஆய்வாளர்கள் இந்த அறிக்கையைப் படிப்பது நல்லது. எதிரணியினரும் ஆதரவாளரும் ஒருவரையொருவர் பழித்துக்கொண்டிருந்த காலத்தில், வெளியிலிருந்து வந்த ஒரு குழு அமைதியாக அளந்து சொன்ன அளவீடுகள்தான் இத்துறைக்கு அரசு நிதி வரும் வழியைத் திறந்தன.

முதல் விடை: பேராசிரியர் பீடத்தைப் பிடித்து, அதிலிருந்து தொடங்குவது

கிளார்க் பிறந்தது 1935-இல். அவருடைய தந்தை மருந்தாளர்; செவித்திறன் குறைந்தவர். கிளார்க், மெல்பர்னில் நடைபெற்றுவந்த தம் மருத்துவத் தொழிலை 1960களின் நடுவில் கைவிட்டு, சிட்னி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவராகச் சேர்ந்தார். வருமானம் தரும் தொழிலை நடுவயதை நெருங்கும் வேளையில் விடுவது எளிய முடிவல்ல. ஸ்டான்ஃபோர்டின் பிளேர் சிம்மன்ஸ், செவி நரம்பை மின்னால் தூண்டுவது பற்றி வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை அவரை அம்முடிவுக்குத் தள்ளியது. 1969-இல் முடித்த அவருடைய ஆய்வேடு ஒரு முக்கியமான எதிர்மறை முடிவைத் தந்தது: மூளைத்தண்டிலுள்ள செவி நரம்பணுக்கள், நொடிக்குச் சில நூறு துடிப்புகளுக்கு மேல் வேகமான மின்தூண்டலைத் தொடர்ந்து பின்பற்றுவதில்லை. எனவே ஒற்றை மின்முனையின் துடிப்பு வேகத்தை மட்டும் மாற்றிப் பேச்சைக் கடத்த முடியாது. சுருளின் வெவ்வேறு இடங்களைத் தனித்தனியே தூண்டும் பல மின்முனைகள் தேவை. அடுத்த பத்தாண்டுகளின் திட்டம் முழுவதையும் இந்த ஒரு முடிவே வகுத்துத் தந்தது.

1970-இல் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் காது, மூக்கு, தொண்டைத் துறையின் முதல் பேராசிரியரானார். பதவி கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. ஆய்வு மானியங்கள் போதாத நிலையில், தொலைக்காட்சியின் நிதி திரட்டும் நிகழ்ச்சியும் சேவைச் சங்கங்களின் நன்கொடையும்தான் ஆய்வகத்தைத் தாங்கின. ஒரு பேராசிரியர் தம் கண்டுபிடிப்பு முழுமையடையும் முன்னரே அதைப் பொதுமக்களிடம் விளக்கி உதவி கேட்பதை, சக ஆய்வாளர்கள் சிலர் முகம் சுளித்துப் பார்த்தார்கள். ஆனால் பீடம் அவருக்கு வேறொன்றைத் தந்தது: மின்பொறியியல் மாணவரை அழைத்துச் சில்லு வடிவமைக்கச் சொல்லவும், உடலியங்கியலாளரை ஒரே மேசையில் அமரவைக்கவும் தேவையான அதிகாரம். 10 மின்முனைகளைக் கொண்ட முன்மாதிரிக் கருவியின் உள்வைப்புப் பகுதியை வடிவமைத்தது அப்பல்கலைக்கழக மின்பொறியியல் துறையில் முனைவர் பட்டத்துக்காகச் செய்யப்பட்ட வேலை.

மின்முனை வரிசையைச் சுருளுக்குள் போதிய ஆழம்வரை எப்படிச் செலுத்துவது என்பது நீண்ட நாள் தீராத சிக்கலாக இருந்தது. கடற்கரையில் கிடந்த சங்கின் சுருளுக்குள் புல்லிழைகளை நுழைத்துப் பார்த்த கிளார்க், நுனியில் மென்மையும் அடியில் விறைப்பும் கொண்ட இழை தடையின்றி வளைந்து செல்வதைக் கண்டார் என்பது பலமுறை சொல்லப்பட்ட செய்தி. 1978 ஆகஸ்ட் 1 அன்று முதல் அறுவை நடந்தது. முதல் பேச்சுச் செயலி, பேச்சின் அடிப்படை அதிர்வெண்ணையும் இரண்டாம் ஒத்ததிர்வு அதிர்வெண்ணையும் (வாயறையின் வடிவத்தால் வலுப்பெறும் அதிர்வெண்களுள் இரண்டாவது) மட்டும் பிரித்தெடுத்து அனுப்பியது. பின்னர் ஆஸ்திரேலிய அரசின் நிதியுதவியுடன் அந்நாட்டின் நியூக்ளியஸ் நிறுவனம் 22 மின்முனைக் கருவியை உருவாக்கியது. 1985-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பெரியவர்களுக்கும் 1990-இல் குழந்தைகளுக்கும் அதற்கு ஒப்புதல் அளித்தது. முனைவர் ஆய்வு தொடங்கியதிலிருந்து முதல் ஒப்புதல்வரை ஏறத்தாழ 18 ஆண்டுகள். பல பல்கலைக்கழகங்களில் நிரந்தரப் பணிக்கான மதிப்பீடு ஆறு, ஏழு ஆண்டுகளில் வந்துவிடுகிறது.

இரண்டாம் விடை: ஆய்வகத்தை வெளியே எடுத்துச் செல்வது

வியன்னாவில் 1975-இல் இங்கெபோர்க் ஹோக்மைரும் எர்வின் ஹோக்மைரும் தொடங்கிய பணி வேறு வழியில் சென்றது. 1977 டிசம்பர் 16 அன்று, அவர்கள் உருவாக்கிய எட்டு மின்முனை நுண்மின்னணுக் கருவியை அறுவை மருத்துவர் குர்ட் புரியான் பொருத்தினார். இங்கெபோர்க்குக்கு அப்போது வயது 24. முனைவர் பட்டம் பெற இன்னும் இரண்டாண்டுகள் இருந்தன. 1979-இல் அப்பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்ணானார். மனித உடலுக்குள் இயங்கும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு ஆய்வேட்டை எழுதிய மாணவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்!

அதன்பின் வந்த பத்தாண்டுகள்தான் பணிவாழ்வு நோக்கில் பாடமாகப் பார்க்கத்தக்கவை. கருவியைப் பெருமளவில் தயாரிக்க 3எம் நிறுவனத்தோடு ஏற்பட்ட உறவு, அந்நிறுவனம் இத்துறையிலிருந்தே விலகியபோது அறுந்தது. நோயாளிகளின் தலைக்குள் கருவி இருக்கிறது; அதற்கு உதிரிப்பாகம், மேம்பாடு, பழுதுநீக்கம் அனைத்தும் பல பத்தாண்டுகளுக்குத் தேவை. ஆய்வுத் திட்டம் முடிந்ததும் அறிக்கையைச் சமர்ப்பித்துவிட்டு அடுத்த தலைப்புக்குச் செல்லும் உரிமை, உள்வைப்புக் கருவி செய்பவருக்கு இல்லை. பல்கலைக்கழகத்தின் மானியச் சுழற்சி மூன்றாண்டு. நோயாளியின் ஆயுளோ ஐம்பதாண்டு. எர்வின் இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானதை ஒட்டி இருவரும் அந்நகருக்குச் சென்றார்கள். அங்கு மெட்-எல் நிறுவனம் வளர்ந்தது. ஒருவர் பீடத்தில் இருக்க மற்றவர் நிறுவனத்தை நடத்துவது என்ற இந்தப் பிரிவினை, ஒரு குடும்பத்துக்குள்ளேயே அமைந்த தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகம் போல இயங்கியது எனலாம். இங்கெபோர்க் பல்கலைக்கழகத்தை விட்டதைக் கல்விப்பணியின் இழப்பாகச் சொல்பவர்கள், அவர் விட்டிராவிட்டால் அந்தக் கருவியின் கதி என்ன என்றும் சொல்லவேண்டும்.

மூன்றாம் விடை: ஒப்பந்தமும் திறந்த அறிக்கையும்

இம்மூன்றில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும், என் மதிப்பீட்டில் மிகுந்த கவனத்துக்குரியதும் வில்சனின் பாதை. அமெரிக்கத் தேசிய நல்வாழ்வு நிறுவனங்கள், டெரி ஹாம்பிரெக்டின் பொறுப்பில் நரம்புச் செயற்கை உறுப்புத் திட்டம் ஒன்றை நடத்தின. அது வழக்கமான மானியமாக இல்லாமல் ஒப்பந்தமாக இயங்கியது: என்ன செய்யவேண்டும் என்பது முன்கூட்டியே வரையறுக்கப்பட்டது; காலாண்டுக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கை எழுதவேண்டும்; அவ்வறிக்கைகளை எவரும் படிக்கலாம். வில்சனின் குழு 1980களில் இத்திட்டத்தின்கீழ் பேச்சுச் செயலிகளை ஆராய்ந்தது.

அப்போதிருந்த ஒரு கருவியில், ஒலியைப் பட்டைகளாகப் பிரித்து அனைத்து மின்முனைகளுக்கும் ஒரே நேரத்தில் தொடர்மின்னோட்டமாக அனுப்புவார்கள். உட்செவிச் சுருளில் உள்ள திரவம் மின்சாரத்தை நன்கு கடத்துவதால், ஒரு மின்முனையின் ஓட்டம் பக்கத்து மின்முனையின் ஓட்டத்தோடு கலந்து, பிரித்தனுப்பியதெல்லாம் மீண்டும் ஒன்றாகிவிடும். வில்சனின் குழு இந்தக் கலப்பை ஒரு தொடர்பியல் சிக்கலாகக் கண்டது: ஒரே ஊடகத்தைப் பலர் பகிரும்போது குறுக்கீட்டைத் தவிர்க்க, ஒவ்வொருவருக்கும் தனி நேரத்துண்டு ஒதுக்குவதுதானே வழி? பேச்சைப் பட்டை வடிகட்டிகளால் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் மெல்ல மாறும் உறையலையை, அதாவது ஒலியின் வலிமை ஏறி இறங்கும் வடிவத்தை, மட்டும் எடுத்து, அதன் அளவை நரம்பு தாங்கும் குறுகிய எல்லைக்குள் சுருக்கி, அதற்கேற்ற உயரமுள்ள துடிப்புகளை ஒரு நேரத்தில் ஒரு மின்முனைக்கு மட்டும், நொடிக்குப் பல நூறு முறை சுழற்சியாக அனுப்பினார்கள். தொடர் இடைமிடைந்த மாதிரியெடுப்பு என்று அதற்குப் பெயர். பேச்சின் பொருளைச் சுமப்பது சில பட்டைகளின் மெல்ல மாறும் உறையலைகளே என்ற கருத்து, பெல் ஆய்வகத்தின் ஹோமர் டட்லி 1930களில் உருவாக்கிய, பேச்சைச் சுருக்கி அனுப்பும் வோகோடர் கருவியிலேயே இருந்தது. தொலைபேசிப் பொறியாளர்கள் அலைவரிசையைச் சிக்கனப்படுத்தக் கண்ட வழி, அரை நூற்றாண்டுக்குப் பின் செவி நரம்பின் வாசலுக்கு வந்து சேர்ந்தது. 1995-இல் ராபர்ட் ஷானனின் குழு, செவித்திறன் உள்ளவர்களிடமே நான்கு பட்டைகளின் உறையலைகளைக் கொண்டு பேச்சைப் புரியவைத்துக் காட்டியது. தகவல் கோட்பாட்டின் கிளாட் ஷானன் வேறு. பெயர் ஒற்றுமை மாணவர்களைக் குழப்புவதுண்டு.

இந்தச் சோதனைகள் எப்படிச் சாத்தியமாயின என்பதில் ஒரு நகைமுரண் இருக்கிறது. அவற்றில் பங்கேற்றவர்கள் பயன்படுத்திய இனெரெய்டு என்ற கருவியில், தோலைத் துளைத்து வெளியே நீட்டியிருக்கும் ஒரு செருகி இருந்தது. தொற்று அபாயமும் தோற்றக் குறையும் கொண்ட அந்தச் செருகியை மருத்துவ உலகமும் சந்தையும் ஏற்கவில்லை. காலப்போக்கில் அக்கருவியே மறைந்தது. ஆனால் ஆய்வாளர்களுக்கு அது திறந்த சன்னல். உள்ளிருக்கும் சில்லின் கட்டுப்பாடுகள் ஏதுமின்றி, எந்தத் துடிப்பையும் எந்த மின்முனைக்கும் நேரடியாக அனுப்பலாம். ஒரே நபரிடம் பழைய முறையையும் புதிய முறையையும் ஒப்பிடலாம். வணிகத்தில் தோற்ற வடிவமைப்பு, ஆய்வில் அனைத்தையும் மாற்றியது. முடிவுகள் 1991-இல் நேச்சர் இதழில் ஆறு ஆசிரியர்களின் பெயரில் வெளிவந்தன. சோதிக்கப்பட்ட ஏழு பேருக்கும் பேச்சுப் புரிதல் உயர்ந்திருந்தது. ஆய்வின் பயன்கள் பொதுவுடைமையாக விடப்பட்டதால், போட்டி நிறுவனங்கள் எல்லாம் அம்முறையையோ அதன் வழிவந்த முறைகளையோ எடுத்துக்கொண்டன. 1957-இல் பாரிஸில் ஜூர்னோ விரும்பியது, தொழில் நிறுவனங்களைப் புறக்கணிக்காமலேயே இங்கு நிறைவேறியது.

விண்ணப்பக் கோப்பாக வைத்துப் பார்த்தால்

இம்மூவரின் கோப்புகளையும் அந்தந்தக் காலத்தின் நிலையில், இன்றைய தேர்வுக் குழுவின் முன் வைத்துப் பார்ப்போம். 1977-இன் கிளார்க்: ஏழாண்டுகள் பேராசிரியர், மனிதரிடம் இன்னும் ஒரு கருவியும் பொருத்தப்படவில்லை, மானியம் போதாமல் தொலைக்காட்சியில் தோன்றியவர். 1980களின் இறுதியில் ஹோக்மைர்: கூட்டாளி நிறுவனம் விலகிவிட்ட, பழுதுநீக்கத்திலும் தரக்கட்டுப்பாட்டிலும் நேரம் செலவிடும் பொறியாளர். 1990-இன் வில்சன்: பல்கலைக்கழகப் பதவி இல்லை, எழுதியவற்றில் பெரும்பகுதி காலாண்டு அறிக்கைகள், அவை எந்த மேற்கோள் குறியீட்டெண்ணிலும் ஏறா. மூன்று கோப்புகளும் நிராகரிக்கப்படத் தக்கவை. மதிப்பிடுபவர் சோம்பேறியாக இருந்தால்தான் இப்படி நேரும் என்பதில்லை. கவனமாகப் படிக்கும் நேர்மையானவரும் நிராகரிப்பார். காரணம், கருவியைச் சாத்தியமாக்கிய வேலை முழுவதும் துறைகளுக்கு இடைப்பட்ட மூட்டுகளில் நடந்தது. கோப்பின் தலைப்புகளோ துறைகளின் நடுப்பகுதியைப் பார்த்து எழுதப்பட்டவை.

இதிலிருந்து, ஏணியை விட்டுவிடுங்கள் என்று இளையோருக்குச் சொல்லிவிட முடியாது. வெற்றி பெற்ற மூன்று கோப்புகளைத்தான் நாம் பார்க்கிறோம். இதே காலத்தில் இதே சிக்கலில் இறங்கிப் பாதியில் நின்றவர்களின் கோப்புகள் நம் முன் இல்லை. சொல்லக்கூடியது இதைவிடக் குறுகலானது. மூவரும் தம் சிக்கலின் எந்தப் பகுதிக்குத் தம் அமைப்பு இடம் தராது என்பதை அறிந்திருந்தார்கள். கிளார்க்கின் பீடம் அதிகாரம் தந்தது, நிதி தரவில்லை. நிதியை வெளியே தேடினார். ஹோக்மைரின் பல்கலைக்கழகம் ஆய்வுக்கு இடம் தந்தது, ஐம்பதாண்டுப் பொறுப்புக்குத் தரவில்லை; பொறுப்பை நிறுவனமாக்கினார். வில்சனின் ஒப்பந்த நிறுவனம் பதவிப் பெருமையைத் தரவில்லை; ஆனால் பாடம் நடத்தும் சுமையின்றி, ஒரே வினாவில் ஆண்டுக்கணக்கில் நிற்க விட்டது. முனைவர் ஆய்வுக்கு ஆய்வகம் தேடும் ஒருவர் வழிகாட்டியின் மேற்கோள் எண்ணிக்கையைப் பார்ப்பதோடு நில்லாமல், அவ்வாய்வகத்தில் நோயாளியோடு பேசுபவர் யார், சோதனைக் கருவியைப் பழுதுபார்ப்பவர் யார், அவர்களுடைய பெயர் கட்டுரைகளில் எங்கே வருகிறது என்று கேட்டறிவது பயன்தரும். மூட்டுகளில் நடக்கும் வேலைக்கு அங்கு மதிப்பு உண்டா என்பது அந்த விடைகளில் தெரிந்துவிடும்.

பரிசுகளின் எல்லை

லாஸ்கர் விருதுப் பட்டியலில் வில்லியம் ஹவுஸின் பெயர் இல்லை. அவர் அதற்கு முந்தைய ஆண்டு, 2012 டிசம்பரில் காலமானார். அறிஞர்களின் எதிர்ப்பை மீறி அவர் கொண்டுவந்த ஒற்றை மின்முனைக் கருவிதான் 1984-இல் அமெரிக்க ஒப்புதலை முதலில் பெற்றது. உயிர்மருத்துவப் பொறியியலுக்காக 2015-இல் வழங்கப்பட்ட ரஸ் பரிசு, முன்னைய மூவரோடு எர்வின் ஹோக்மைரையும் சான் பிரான்சிஸ்கோவின் நரம்பியலாளர் மைக்கேல் மெர்செனிக்கையும் சேர்த்து ஐவரைக் கண்டது. 2022 நடுப்பகுதிக்குள் உலகெங்கும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள் பொருத்தப்பட்டிருந்தன. மெல்பர்னில் அந்தப் பத்து மின்முனைச் சில்லை வடிவமைத்த மாணவரின் பெயரும், செருகியோடு ஆய்வகத்துக்கு வந்து, நாட்கணக்கில் அமர்ந்து, ஒவ்வொரு துடிப்பு முறையிலும் தமக்குக் கேட்ட சொற்களைத் திருப்பிச் சொன்ன தன்னார்வலர்களின் பெயர்களும் இவ்விரு பட்டியல்களிலும் இல்லை.